ஜோதி ஒருதரம் சொன்னது

பொன்னாயி வீட்டு வாசலில் ஜோதி போய் நின்றும் ‘வா’ என்று ஒரு வார்த்தை வரவில்லை. பதினோரு வருஷமாக ஜெயங்கொண்டத்து முந்திரிக் கொட்டகையில் ஒரே வரிசையில் உட்கார்ந்து கொட்டை உடைத்து, ஒரே தூக்குச் சோற்றைப் பங்கு போட்டுத் தின்றவர்கள் இருவரும். விடிந்தால் ஓட்டு. ஊராட்சித் தலைவருக்கு நிற்கிற ஜோதிக்கு இந்தத் தெக்குத் தெருதான் பலம். இந்தத் தெருவுக்குக் குழாய் கேட்டு ஆபீஸ் ஆபீஸாக நடையாய் நடந்தவளும் அவள்தான்.

காலையிலிருந்து ஊர் போன்களில் ஒரு பேச்சு சுற்றிக்கொண்டிருந்தது. “தெக்குத் தெருக்காரிவளுக்கு எதுக்குத் தண்ணி? ஒரு மாசம் அலையவுட்டா தானா வந்து கால்ல வுழுவாளுவ.” அச்சு அசல் ஜோதியின் குரல். பெற்றவளே கேட்டாலும் என் மகள்தான் என்பாள். ஓட்டுக் கேட்டு மைக்கில் பேசியதை வைத்து எந்தப் பாவியோ கம்ப்யூட்டரில் செய்திருக்கிறான். அப்படியெல்லாம் செய்யலாமாம். இதை யாரிடம் போய் விளக்குவது?

“மாரியம்மன் கோயில்ல சூடம் அடிச்சு சத்தியம் பண்றேன்டி. நான் சொல்லவே இல்ல.”

“சூடம் அடிக்கறவ எல்லாம் யோக்கியமா?” பொன்னாயி இப்போதுதான் நிமிர்ந்தாள். அதற்குள் ஏழெட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். “அதையே உன் வாயால சொல்லு. பக்கத்துல போனை வச்சுக் கேட்டுப் பாக்கறோம். எங்களுக்குக் காது இல்லியா?”

முந்திரிக் கொட்டையைக் காதோரம் குலுக்கியே சொத்தையா நல்லதா என்று சொல்கிறவர்கள் அவர்கள். அவர்களுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஏன், ஜோதிக்கும் பட்டது. நாக்குக் கூசினாலும் ஒரு சொல் விடாமல் சொன்னாள். சொல்லி முடித்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

போனைப் போட்டுக் கேட்டார்கள். மறுபடியும் கேட்டார்கள்.

“அடி ஆத்தே, இது நீ இல்லடி!” பொன்னாயி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “இதுல பேசறவ மூச்சே வுடலியே. நீ நின்னு நின்னுல்ல பேசற!” ஜோதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பொன்னாயியின் மருமகள் வினோதினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். ஜோதியைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பு. “அத்த, நீங்க சொன்னத வீடியோ புடிச்சு ஊர் குரூப்புல போட்டுட்டேன். ரெண்டையும் கேட்டுட்டு எல்லாருமே தெரிஞ்சுக்கட்டும்.”

“எதுலேருந்து புடிச்ச?” என்றாள் ஜோதி.

“அந்தப் பேச்ச மட்டுந்தான் அத்த. நீளமாப் போட்டா யாரு பாக்கறா?”

ஜோதி போனை வாங்கிப் பார்த்தாள். பத்து நொடி. அவள் முகம், அவள் சேலை, பொன்னாயி வீட்டு வாசல், அந்தப் பேச்சு. அழுகை வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது.

“அழிடி, மொதல்ல அத அழி!” என்று பொன்னாயி கத்தினாள். வினோதினி போனைத் தடவினாள்.

தெருமுனைப் பஸ் நிறுத்தத்தில் நாலு பெண்கள் ஒரே போனின் மேல் குனிந்திருந்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்த்தார்கள். ஜோதி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.