நஷ்மியா நின்ற இடம்

தெற்கு இராக்கில், ஸூக் அல் ஷுயூக் டவுனில் என் ஸ்டுடியோ கதவைத் திறந்ததும் நஷ்மியா உள்ளே வந்தாள். பின்னாலேயே அவள் தம்பி கய்யூன்.

"ஸ்டுடியோக்காரரே, கரையை உடைச்சு விட்டுட்டாங்க. சதுப்புக்குத் தண்ணி வந்திருச்சு. எங்கம்மா படம் இன்னும் இருக்கா?"

அரசாங்கம் கரை கட்டித் தண்ணீரைத் தடுத்துச் சதுப்பை வற்றவைத்தபோது சிதறிப்போன குடும்பம். அன்றிலிருந்து டவுனில் செங்கல் சுமந்து பிழைக்கிறார்கள். அதற்கெல்லாம் வெகு முன்னால், அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் படமெடுக்கப் போனவன், மிச்சமிருந்த கறுப்பு வெள்ளை ஃபிலிமில் இவர்கள் வீட்டையும் எடுத்திருந்தேன். நாணலையும் சேற்றையும் மாற்றி மாற்றிப் போட்டு மிதித்த சின்னத் தீவு, அதன்மேல் நாணல் வீடு, வாசலில் எருமைக்குத் தீனி போடும் அவள் அம்மா.

நெகடிவ் கெடாமல் இருந்தது. பெரிதாகப் போட்டுக் கொடுத்தேன். மனசு கேட்காமல், பழைய வீட்டிடத்தைத் தேடிப் போகும் அவர்கள் படகில் நானும் ஏறிக்கொண்டேன்.

போய்ப் பார்த்தால் எங்கும் தண்ணீர். ஆங்காங்கே இளநாணல். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி.

"இங்கதான்க்கா நம்ம வீடு."

"நீ என்னிக்குடா வீட்டுல இருந்தே? மீன் பிடிக்கிறேன்னு ஊர் சுத்தினவன்தானே. பேசாம கோலை ஊன்று."

நான் படத்தை வாங்கி உற்றுப் பார்த்தேன். அம்மாவின் தோளுக்குப் பின்னால், தூரத்தில் ஒரு மண்மேடு. அதற்கும் பின்னால், வலது ஓரத்தை ஒட்டினாற்போல் ஒரு செங்கல் சூளையின் புகைபோக்கி. அன்று எடுத்தபோது இரண்டையும் நான் கவனித்திருக்கவே இல்லை. தலை நிமிர்ந்தேன். மேடு அங்கே இருந்தது. புகைபோக்கி மட்டும் வலப்பக்கம் வெகுவாக விலகி நின்றது.

"கய்யூன், ரெண்டும் ஒட்டுற வரைக்கும் படகை இடது பக்கமா விடு."

ஒட்டின. வீடு இந்தக் கோட்டில்தான் எங்கோ இருக்க வேண்டும். பிறகு அந்தக் கோடு மாறாமல் மேட்டை நோக்கியே போனோம். கோல் ஒவ்வொரு ஊன்றலுக்கும் ஆழத்தில் புதைந்து புதைந்து வந்தது. திடீரென்று தொம்மென்று நின்றது.



நஷ்மியா தன் அபாயா அங்கியை அள்ளிச் செருகிக்கொண்டு சட்டென்று இறங்கினாள். கணுக்கால் அளவுதான் தண்ணீர். கரையே கண்ணில் படாத அந்தப் பரப்பின் நடுவில், தண்ணீரின் மேலேயே நிற்பவள்போல நின்றாள். எனக்குக் கழுத்தில் கேமரா தொங்குவதே மறந்துபோனது.

அவள் பாதத்தால் தடவித் தடவி நடந்தாள்.

"இது அடுப்படி. இங்க அம்மா படுப்பாங்க. இது... இதோ, வாசல்."

கய்யூன் படகிலிருந்து காலை எடுத்து வைக்கப் போனான்.

"டேய், செருப்பைக் கழட்டுடா! வீட்டுக்குள்ள வர்றே."

அவன் குனிந்து கழற்றினான். நானும் ஷூவைக் கழற்றிப் படகில் வைத்துவிட்டு இறங்கினேன். காலடியில் தரை லேசாக அமுங்கியது, பிறகு தாங்கிக்கொண்டது.