கண்ணாடிக்கு வெளியே ஒரு கை

1

இந்தக் கதைக்குள் நானும் இருந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு தெரிந்தால் ஏமாற்றிவிட்டான் என்பீர்கள். ஊரிலிருந்து நான் பிழைக்கும் நாட்டுக்கு வந்து கம்பெனிக் கணக்குத் தொடங்க நினைத்த ஒரு கிரேன் ஆபரேட்டருக்கும் ஒரு வங்கி அதிகாரிக்கும் நடுவே, மொழிபெயர்ப்பாளனாக நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். அதற்குக் கூலியும் வாங்கிக்கொண்டேன். அந்த நாற்பது நிமிடத்தில் காரியம் எந்த இடத்தில் கெட்டது என்று எனக்குத் தெரியும். அதை ஒருவர் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பதில் சொல்லத் தைரியம் வராமல் உங்களுக்குக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன்.

முதல் தடவை: "வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த அந்த..." (நிறுத்திவிட்டேன். வெயில் எல்லார் கதையிலும்தான் அடிக்கிறது. உள்ளே ஏசி. ஆபரேட்டருக்குக் குளிரில் பல் தந்தியடித்தது.)

இரண்டாம் தடவை: "அவர் நுழைந்த கட்டடத்தின் ஒவ்வொரு தூணும் அவரே தூக்கி நிறுத்திய..." (பொய். அவர் வேலை பார்த்த கட்டடம் இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. கட்டியவனையே உள்ளே விடாத கட்டடம் என்றால் படிக்க உருக்கமாக இருக்கும். நடக்காததைக் காட்டி அழவைப்பது பிக்பாக்கெட் வேலை.)

மூன்றாவது இதோ.

2

ஆபரேட்டருக்கு வயது ஐம்பத்திரண்டு. அந்த நாட்டில் பத்தொன்பது வருடம் கிரேன் ஓட்டினார். ஐம்பது தாண்டியதும் கம்பெனி அவருடைய அனுமதியைப் புதுப்பிக்காமல் ஊருக்கு அனுப்பிவிட்டது. ஊரில் இரண்டு வருடம் சும்மா இருந்தார். "மோட்டுவளையப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு" என்பது அவர் மனைவியின் சொல். அவரைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார். "தரையில நின்னா எனக்கு எதுவும் தெரியமாட்டேங்குது சார். எல்லாம் பக்கத்துல இருக்கு."

கூலிக்கு ஓட்டுகிறவனுக்குத்தான் வயது வரம்பு. சொந்தக் கம்பெனி வைத்திருப்பவன் எத்தனை வயதிலும் தன் கிரேனில் ஏறிக்கொள்ளலாம். இந்தச் சேதி காதில் விழுந்ததும் முப்பது நாள் விசாவில் வந்து இறங்கினார். கம்பெனி உரிமம் எடுத்தார். பழைய கிரேன் ஒன்றைப் பேசி முடித்தார். அவருடைய கை சுத்தம் தெரிந்த ஒப்பந்தக்காரர் ஒருவர் நாலு மாத வேலை தர ஒப்புக்கொண்டார். ஒரே நிபந்தனை, கம்பெனி பெயரில் அந்த நாட்டு வங்கியில் கணக்கு இருக்க வேண்டும். வியாழக்கிழமைக்குள் கணக்கு எண் போய்ச் சேராவிட்டால் வேலை வேறு ஆளுக்கு. சனிக்கிழமை விசா முடிகிறது.

கணக்குத் தொடங்க அங்கே குடியிருக்க வேண்டும். குடியிருப்பு அட்டை வாங்கக் கம்பெனி ஓட வேண்டும். கம்பெனி ஓடக் கணக்கு வேண்டும். (இதை எப்படி விளக்குவது என்று பயந்தேன். படிவம் நிரப்பி மொழிபெயர்த்துக் கொடுக்கும் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் யாருக்கும் இதுவரை விளக்க நேர்ந்ததில்லை. கேட்டதும் சிரிப்பார்கள், அவ்வளவுதான்.)

இரண்டு வங்கிகள் வாசலிலேயே திருப்பி அனுப்பின. மூன்றாவது வங்கி படிவத்தை வாங்கிக்கொண்டது. புதன்கிழமை நேர்காணலுக்கு வரச் சொன்னது.

3

இப்போது மச்சானைக் கொண்டுவர வேண்டும்.

ஆபரேட்டரின் மனைவிக்கு அண்ணன். அதே நாட்டில், ஒரு கட்டுமான இடத்தில் சைகைக்காரர். கிரேன் உயரத்தில் இருக்கும். பாரம் இறங்கும் இடம் ஓட்டுகிறவன் கண்ணுக்குத் தெரியாது. கீழே நின்று கை காட்டுகிறவர்தான் அவனுக்குக் கண். விரல் மேலே பார்த்துச் சுழன்றால் தூக்கு. கீழே பார்த்துச் சுழன்றால் இறக்கு. உள்ளங்கை தரையைப் பார்க்கக் கை நீண்டால் நிறுத்து. சைகை வராமல் ஆபரேட்டர் சுண்டுவிரலைக்கூட அசைக்கக் கூடாது. தானாக ஊகிக்கிறவன் ஆளைக் கொல்வான்.

பதினாறு வருடம் மச்சான் கீழே, இவர் மேலே. அத்தனை வருடத்தில் ஒருவருக்கும் ஒரு நகக்கீறல் இல்லை.

(இன்னொரு விதியும் உண்டு. தூக்கு, இறக்கு எல்லாம் சைகைக்காரர் மட்டுமே சொல்லலாம். 'நிறுத்து' மட்டும் யார் காட்டினாலும் கேட்க வேண்டும், டீ கொண்டுவருகிறவர் காட்டினாலும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறக்கப் பார்க்கிறேன்.)

புதன்கிழமை காலை வங்கி வாசலில் இருவரும் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு நின்றார்கள்.

"லீவு போட்டுட்டா வந்தீங்க மச்சான்? சைட்ல தெரிஞ்சா சும்மா விடுவானா?"

"காய்ச்சல்னு சொல்லியிருக்கேன். வேணும்னா இருமிக் காட்டவா?"

"இருமாதீங்க, நெஜமாவே வந்து தொலைக்கும்."

"உன் சட்டை யாருதுடா, ரெண்டு பேரு பூரலாம் போலிருக்கு."

"உங்க தங்கச்சி வாங்கினது. நான் இன்னும் வளருவேன்னு நெனச்சிட்டா."

மச்சான் சிரித்துவிட்டு அவர் தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டார். "நீ உள்ள போ மாப்ள. நான் கீழ நிக்கறேன்."

வங்கி தரைத்தளத்தில்தான் இருந்தது. இருவருக்கும் அது உறைக்கவில்லை.

4

அதிகாரியை முதலில் கெட்டவளாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. முப்பது முப்பத்தைந்து வயது. ஜலதோஷம், மேசைமேல் கசங்கிய காகிதக் கைக்குட்டைகள். ஆபரேட்டர் நடுங்குவதைப் பார்த்து ஏசியைக் குறைக்கச் சொன்னாள். என்னிடம் மட்டும் கறாராக ஒன்று சொன்னாள்: "அவர் சொல்வதை மட்டும் சொல்லுங்கள். நீங்களாக எதையும் சேர்க்காதீர்கள்." சேர்த்த மொழிபெயர்ப்பாளர்கள் அடுத்த முறை வங்கி வாசலைத் தாண்ட முடியாது என்பது எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

அது கண்ணாடி அறை. உள்ளே மேசைக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு இரண்டு நாற்காலி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காத்திருப்போர் வரிசையில் நேர் எதிரே மச்சான். (கிரேன் கேபின் மாதிரி இருக்கட்டும் என்று நான் கட்டிய அறை என்பீர்கள். நான் கட்டவில்லை. எல்லா வங்கியிலும் இப்படித்தான் கட்டிவைத்திருக்கிறார்கள்.)

"கம்பெனி என்ன செய்யும்?"

ஆபரேட்டர் நிமிர்ந்து கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். மச்சானின் ஆட்காட்டி விரல் முழங்கால்மேல் மெல்லச் சுழன்றது. மேலே.

"பாரம் தூக்கி வைக்கும் மேடம்."

நான் சொன்னேன். அவள் எழுதினாள்.

"முதல் பணம் எங்கிருந்து வரும்?"

நிமிர்ந்து பார்த்தார். விரல் சுழன்றது. "ஒப்பந்தக்காரர் குடுப்பாரு. கடிதம் இருக்கு."

நான்காவது கேள்வியிலோ ஐந்தாவதிலோ அவளுடைய பேனா நின்றது. அவர் பார்வை போன வழியே அவளும் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஆபரேட்டருக்கும் மச்சானுக்கும் தாங்கள் செய்வது தெரியவில்லை. மூச்சு விடுகிறவன் மூச்சைக் கவனிப்பானா?

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. "இந்தக் கம்பெனியில் முடிவு எடுப்பது நீங்கள் மட்டும்தானா? உங்களுக்குப் பின்னால் வேறு யாராவது இருக்கிறார்களா?"

ஆபரேட்டருக்கு நெற்றியில் வேர்த்தது. வெளியே மச்சான் அதைக் கண்டார். ஆள் தடுமாறுகிறான் என்று தோன்றியிருக்க வேண்டும். கை நீண்டது. உள்ளங்கை தரையைப் பார்த்தது.

நிறுத்து.

ஆபரேட்டர் திறந்த வாயை மூடிக்கொண்டார். சுவரில் கடிகாரம் இருந்தது. பதினொரு விநாடி. பிறகு கை மடங்கியது, விரல் சுழன்றது.

"யாரும் இல்ல மேடம். நான்தான் எல்லாம்."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "வெளியே இருப்பவர் யார்?"

"என் மச்சான். பொண்டாட்டியோட அண்ணன்."

அவள் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். நானும் பின்னால் போனேன். மச்சான் துள்ளி எழுந்தார். அவள் கழுத்தில் அட்டை தொங்கியது. பொய்க் காய்ச்சலில் வந்தவருக்கு எந்த அட்டையைப் பார்த்தாலும் தன் கம்பெனிக்குப் போன் போகும் என்ற பயம்.

"இவரை உங்களுக்குத் தெரியுமா?" என்று நான் மொழிபெயர்த்தேன்.

"யாருன்னே தெரியாதுங்க. ஏசி காத்துக்கு வந்து உக்காந்தேன்."

இங்கே ஒரு வரி எழுதி அடித்தேன்: "நான் சட்டென்று கையை நீட்டி, இவர்கள் வேலை செய்யும் பழக்கம் இது, வேறொன்றும் இல்லை என்று அவளிடம்..."

நடந்தது, நான் அவர் சொன்னதை அப்படியே அவள் மொழியில் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை. ஒரு சொல் குறைக்கவில்லை. என் தொழிலில் அதைத்தான் நேர்மை என்பார்கள்.

5

முடிவுகள்.

(அ) வியாழக்கிழமை மதியம் கணக்கு எண் வருகிறது. ஆபரேட்டர் கேபினில் ஏறுகிறார், கீழே மச்சான் விரலைச் சுழற்றுகிறார். இதை ஒரு பக்கம் எழுதினேன். எழுதும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. அதனாலேயே கிழித்துவிட்டேன்.

(ஆ) அதிகாரி மனம் மாறுகிறாள். எங்கள் தெருவில் பன்னிரண்டு வருடமாகக் கடையில் இருக்கிறேன். மனம் மாறிய அதிகாரியைக் கண்டதில்லை. மாறியிருந்தாலும் அவளுக்கு மேலே இருக்கும் கம்ப்யூட்டர் மாறாது.

(இ) வியாழக்கிழமை காலை இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது. விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. காரணம் தெரிவிக்க வங்கி கடமைப்பட்டதல்ல.

கடையில் வைத்துப் படித்துக் காட்டினேன். ஆபரேட்டர் கொஞ்ச நேரம் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வெளிய பாத்துப் பாத்துப் பேசினேன் இல்ல?"

நான் திரையை அணைத்தேன்.

"மச்சான்கிட்ட விசிட் விசாங்கறதால ஆகலைன்னு சொல்லிட்டேன். நீங்க வேற எதையும் சொல்லிடாதீங்க சார். அந்த மனுசன் பதினாறு வருசம் ஒரு பாரத்தைத் தப்பா எறக்கினதில்ல. அது அப்படியே இருந்துட்டுப் போகட்டும்." நான் தலையாட்டினேன்.

சனிக்கிழமை ஊருக்குப் போய்விட்டார். பெரிய சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனார்.

6

கதை இங்கே முடிந்திருந்தால் நானும் முடித்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் கடைக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே அவருடைய குடியிருப்பு அட்டை.

"விசிட் விசாதான பிரச்சின? எனக்கு அட்டை இருக்குல்ல. அந்தக் கம்பெனியில என்னையும் கூட்டாளியா சேத்து, நானே போய்க் கணக்குக் கேக்கறேன். ஒப்பந்தக்காரர் கால்ல விழாத கொறையா பத்து நாள் தவணை வாங்கியிருக்கேன். மத்த பேங்கெல்லாம் படிவத்தையே தொடல, அதனால அதே பேங்க்தான். திங்கக்கெழம பத்து மணி. நீங்க வரணும் தம்பி."

"அதே பேங்கா?"

"ஏன், அந்தம்மா நல்ல மாதிரிதான? சளி புடிச்சிருந்துச்சே, அந்தம்மா. அன்னைக்கு நான் பயத்துல தெரியாதுன்னு சொன்னதையெல்லாம் ஞாபகம் வச்சிருக்கவா போவுது?"

யாரென்றே தெரியாது என்று சொன்ன ஆளே கூட்டாளியாக அந்த மேசைக்கு முன் போய் நிற்கப்போகிறார். அவளுடைய ஏட்டில் அவர் முகம் ஏற்கெனவே இருக்கிறது. இந்த முறை வெறும் மறுப்போடு போகாது. வேலை செய்யும் கம்பெனிக்குத் தெரியாமல் தொழில் நடத்துகிறார், பினாமி வைத்தார் என்றெல்லாம் எழுதுவார்கள். அட்டை போகும், வேலை போகும். இரண்டு பேரும் சேர்ந்து மோட்டுவளையைப் பார்ப்பார்கள்.

தடுக்க வேண்டுமென்றால் காரணத்தைச் சொல்ல வேண்டும். சொன்னால், பதினாறு வருடம் தவறாத அந்தக் கைதான் மாப்பிள்ளையின் வாழ்க்கையைக் கீழே போட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும். சொல்லமாட்டேன் என்று ஆபரேட்டரிடம் தலையாட்டியிருக்கிறேன்.

"யோசிக்கிறீங்களே தம்பி. நெஜமான காரணம் வேற ஏதாவது போட்டிருந்தானா? நீங்கதான் படிச்சீங்க."

"ராத்திரிக்குள்ள சொல்றேண்ணே" என்றேன்.

அனுப்ப வேண்டிய செய்தியைத் தட்டத் தொடங்கினேன். "அண்ணே, அன்னைக்கு நீங்க கண்ணாடிக்கு வெளிய..." அங்கேயே நிற்கிறது. அதை அழிக்காமல்தான் இந்த ஆறு பகுதிகளையும் எழுதினேன்.

7

எழுதினால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். தெரியவில்லை. இவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் பாரம் இறங்கப்போகும் இடம் எனக்கு மறைகிறது. அங்கே தரை இருக்கிறதா, ஆள் நிற்கிறாரா, கண்டுபிடிக்க முடியவில்லை. ஊகிக்கக் கூடாது என்பது விதி.

முன்பு ஒரு தடவை நான் கை நீட்டியிருக்க வேண்டும், நீட்டவில்லை. இப்போது கொக்கியில் நான் கட்டிய பாரம், பாதியில் நிற்கும் அந்தச் செய்தி, அந்தரத்தில் ஆடுகிறது. நீங்கள் கீழே நிற்கிறீர்கள். முழுக்கதையும் உங்களுக்குத் தெரியும். மச்சானுக்கு அது தெரியாது.

இறக்கவா, நிறுத்தவா?

கையை நன்றாகத் தெரிகிற மாதிரி காட்டுங்கள்.