பின்னால் உட்கார்ந்தவள்

கணவனின் முகம் தனக்கு எப்போது மறந்தது என்று மூணாம் மேசைக்குத் தெரியாது. ஒரே நாளில் மறந்திருந்தால் அந்த நாளையாவது சபித்திருப்பாள். பன்னிரண்டு வருஷத்தில், துவைக்கத் துவைக்கச் சாயம் போவது போல, அது கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருந்தது. முதலில் பல்வரிசை போயிற்று. பிறகு புருவம். ஒரு காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டே அவனை நினைத்துப் பார்த்தாள். சட்டைக் காலருக்கு மேலே ஒன்றுமே இல்லை. அன்று இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டு இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கினாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய விஷயமா அது.

மூணாம் மேசை என்பது பெற்றோர் வைத்த பெயர் இல்லை. ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் பெரிய சலவைக்கூடத்தில் மூன்றாவது இஸ்திரி மேசை அவளுடையது. அந்த மேசைக்குச் சட்டைகள் மட்டும்தான் வரும். முதலில் காலர், அடுத்து தோள்பட்டை, கைகள், கடைசியாக முதுகு. ஒரு நாளைக்கு நூற்றைம்பது முதுகுகள். மேற்பார்வையாளர் மேசையைச் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே ஒட்டிக்கொண்டது. வந்த புதிதில் கோபம் வந்தது. இப்போது யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் திரும்ப நேரமாகிறது.

வீடு என்றால் இரண்டு அறை. அதில் அவளும், பதினொரு வயது மகளும், கணவனின் தங்கையும். பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி கட்டும் வேலை நாத்தனாருக்கு. அங்கே பேசக்கூடாது என்று விதி உண்டு. அதனால் எட்டு மணி நேரப் பேச்சையும் சேர்த்து வைத்துக்கொண்டு வந்து வீட்டில் கொட்டுவாள். அப்படித்தான் அந்தச் செவ்வாய்க்கிழமையும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்தாள்.

"அண்ணி, அண்ணனையும் செவுத்துல போடச் சொல்லிட்டேன்."

மூணாம் மேசை கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "எந்தச் செவுத்துல?"

"பஸ் டிப்போ செவுத்துலதான். ஒரு மாசமா அந்த ஓவியக்காரம்மா சாரம் கட்டி வரையுறாங்களே. நம்மள மாதிரி வெளிய இருந்து வந்து சேந்தவங்க கதையெல்லாம். கடைசி இடம் ஒண்ணு பாக்கி இருக்காம், ஸ்டாப்பு பக்கம். நான் பேசிட்டேன்."

"யாரைக் கேட்டுப் பேசினே?"

"எங்கண்ணனைப் போட நான் யாரைக் கேக்கணும்?" என்றவள், மூணாம் மேசையின் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினாள். "கோவிச்சுக்காத அண்ணி. ஆயிரம் பேர் போற வழி. எவனாவது ஒருத்தன் பஸ்ஸுல இருந்து பாத்து, 'இந்த மூஞ்சியை நான் பாத்திருக்கேனே'ன்னு சொல்ல மாட்டானா? ஒருத்தன் போதும்."

மூணாம் மேசை தட்டை மறுபடி எடுத்துத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த தட்டுதான்.

அந்தச் சுவரை அவள் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தையல் மிஷினின் தலையைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி நடந்தாள். ஒரே ஜோடிச் செருப்பை ஆளுக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டு ஓர் அண்ணனும் தம்பியும் நடந்தார்கள். அவர்களில் தம்பி சலவைக்கூடத்து வண்டி ஓட்டுகிறவர். தன் படத்தின் கீழே வண்டியை நிறுத்திவிட்டு, போகிறவர் வருகிறவரிடம் எல்லாம், "வலது கால் என்னுது" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

நல்ல சுவர்தான். ஆனால் அதில் ஒரு முகம் ஏறி, அது அவன் முகமா இல்லையா என்றே தெரியாமல் தினமும் அதைக் கடந்து வேலைக்குப் போவது எப்படி? தவறான முகம் ஏறிவிட்டால் அதுதான் இனி அவன். மகள் அதைத்தான் அப்பா என்பாள். அவனைத் தெரிந்த ஒருத்தன் அதைப் பார்த்தாலும் பேசாமல் போய்விடுவான். நாத்தனார் அவ்வளவு நம்பியிருக்கும் அந்த ஒருத்தன்.

போட்டோ இல்லையா என்றால், இருந்தது. வரும் வழியில் பிளாஸ்டிக் பையில் தண்ணீர் புகுந்து இரண்டு படங்கள் முகத்தோடு முகம் ஒட்டிக்கொண்டன. பிரித்தபோது அவன் முகம் மட்டும் வெள்ளையாக உரிந்து வந்தது. மிச்சம் இருப்பது ஒரு காலர், ஒரு பொத்தான், அவள் தோளைத் தொடும் நான்கு விரல்கள்.

புதன்கிழமை மதியம், சாப்பாட்டு நேரத்தில், இருவரும் சுவரடிக்குப் போனார்கள். ஓவியக்காரி ஐம்பதைத் தாண்டியவள். முழங்கால் வலிக்குப் பட்டை கட்டிக்கொண்டு, சாரத்தில் ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகல் முனகுவாள்.

"சனிக்கிழமை சாரத்தைப் பிரிச்சிடுவாங்க. அதுக்குள்ள முடிக்கணும்" என்று சொல்லிவிட்டுத் தாளை மடியில் வைத்துக்கொண்டாள். "முகம் எப்படி? நீளமா, வட்டமா?"

"எங்கப்பா மூக்கு" என்றாள் நாத்தனார்.

"உங்கப்பாவை நான் எங்கம்மா பாத்தேன்?"

நாத்தனார் தன் மூக்கையே பிடித்துக் காட்டினாள். வரைந்தார்கள், அழித்தார்கள். ஓவியக்காரி ஒரு தாளைத் தூக்கி மூணாம் மேசையிடம் காட்டினாள். "இவரா?" அவள் தலையாட்டினாள். "இல்லல்ல, தாடை இன்னும் அகலம்" என்றாள் நாத்தனார். இன்னொரு தாள். மூணாம் மேசை அதற்கும் தலையாட்டினாள். நாலாவது தாளில் நாத்தனாருக்குத் திருப்தி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தொழிற்சாலைக்கு ஓடினாள்.

மூணாம் மேசையும் எழுந்தாள்.

"கொஞ்சம் இரும்மா" என்றாள் ஓவியக்காரி. நாலு தாளையும் பலகையின் மேல் வரிசையாக வைத்து, காற்றில் பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு டப்பாவை வைத்தாள். "நாலுக்கும் தலையாட்டினீங்க. நாலும் நாலு ஆளு."

மூணாம் மேசை அந்த நாலு ஆண்களையும் பார்த்தாள். யாரும் அவளுக்கு உறவாகத் தெரியவில்லை. பஸ் ஒன்று வந்து, ஆட்களை இறக்கி, ஏற்றிக்கொண்டு போயிற்று. இன்னொன்றும் வந்து போயிற்று. ஓவியக்காரி நீல டப்பாவைத் திறந்து குச்சியால் மெதுவாகக் கலக்கிக்கொண்டிருந்தாள். அவசரம் இல்லாத அந்தக் குச்சியைப் பார்த்துக்கொண்டே இருந்ததில்தான், பல வருஷமாக மென்று விழுங்கிய வார்த்தை வெளியே வந்தது.

"எனக்கு அவர் மூஞ்சி ஞாபகம் இல்லக்கா."

சொன்னதும் தலைமேல் ஏதாவது இடிந்து விழும் என்று நினைத்தாள். ஒன்றும் விழவில்லை. ஓவியக்காரி குச்சியை டப்பாவின் விளிம்பில் தட்டி வைத்தாள்.

"சரி. வேற என்ன ஞாபகம் இருக்கு?"

"ஒண்ணும் இல்ல." டப்பாவின் அடியில் நழுவிய ஒரு தாளை நேராக வைத்தாள். "முதுகு தெரியும்" என்றாள்.

"முதுகா?"

"தபால்காரர். சைக்கிள். தினம் என்னைப் பின்னால உக்கார வெச்சு வேலைக்கு விட்டுட்டுத்தான் கடுதாசி குடுக்கப் போவார். ஏழு வருஷம். மூஞ்சியைப் பாத்ததைவிட முதுகைப் பாத்ததுதான் அதிகம்."

கடைசி நாளிலும் முதுகுதான். உயிருக்குப் பயந்து ஊரே கிளம்பிக்கொண்டிருந்தது. அவளையும் தங்கையையும் லாரியில் ஏற்றிவிட்டு, பையில் இன்னும் பதினொரு கடிதம் இருக்கிறது, கொடுத்துவிட்டுப் பின்னாலேயே வந்துவிடுகிறேன் என்று சைக்கிளைத் திருப்பினான். பூட்டிக்கிடந்த ஊரில் யாருக்குக் கொடுக்கப் போனான் என்று நாத்தனார் இன்றைக்கும் திட்டுவாள். அவன் முதுகு தெருமுனையில் திரும்பியது வரைதான் தெரியும். மகள் அப்போது வயிற்றில் மூன்று மாதம்.

ஓவியக்காரி புதிய தாள் எடுத்தாள். பென்சில் ஒரு தோளை வரைந்தது, பை தொங்கும் இடது தோளைச் சற்றே இறக்கி.

"அது தப்பு" என்றாள் மூணாம் மேசை. குரலே மாறியிருந்தது. மேசையில் சட்டையை விரித்ததும் வருகிற குரல். "பை மாட்டுற தோள் எறங்கியிருக்காது, தூக்கித்தான் நிக்கும். பை நழுவக்கூடாதுன்னு தூக்கியே வெச்சுப் பழகிட்டார். சட்டையிலயும் அந்தப் பக்கம்தான் சுருக்கம் விழும். இங்க, இப்படி. தையல் கழுத்துகிட்ட இழுத்துக்கும்."

பென்சில் அழித்து, திருத்தியது. அவள் சொல்லச் சொல்ல ஒரு முதுகு எழுந்து வந்தது. நடுவில் வியர்வை நனைத்த நீளப் பட்டை. காலருக்கு மேல் வெயில் கறுத்த கழுத்து. வலது காதின் மேல்நுனியில் ஒரு சின்ன வெட்டு.

"தலை?"

"ரெட்டைச் சுழி" என்றாள் யோசிக்காமல்.

"எந்தப் பக்கம் சுத்தும்?"

அவள் விரல் காற்றில் எழுந்து, ஒரு சுழியை வலமாகவும், அதற்கு ஒரு விரற்கடை தள்ளி இன்னொன்றை இடமாகவும் போட்டது. துளியும் தடுமாறவில்லை. மூணாம் மேசை தன் விரலையே பார்த்தாள். பல்லை மறந்த மனதுக்கு இது எப்படித் தெரிந்தது? பிறகு புரிந்தது. இன்று காலையில்தான் பார்த்தாள். நேற்றும் பார்த்தாள். சீப்பை வைத்துக்கொண்டு, பதினொரு வருஷமாக.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் மகள் கவிழ்த்த பெயிண்ட் டப்பாவின் மேல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பின்னல் அவிழ்க்கப்பட்டிருந்தது. ஓவியக்காரி தலையைப் பார்ப்பதும் சுவரில் தீட்டுவதுமாக இருந்தாள்.

"இன்னும் எவ்வளவு நேரம்மா? கழுத்து வலிக்குது."

"ஆடாம இரு."

"அப்பாவுக்கும் இங்க இப்படி அரிக்குமா?"

"உனக்கு அரிச்சா அவருக்கும் அரிச்சிருக்கும். கையை எடு."

மகள் கையை எடுத்தாள். பிறகு தனக்குள் சொல்வது போல, "என் தலையில இத்தனை நாளா அப்பா இருந்தாரு, யாரும் சொல்லவே இல்ல" என்றாள்.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் வந்து சேர்ந்தாள். சுவரைக் கீழிருந்து மேலே பார்த்தாள். சாலை மட்டத்தில் சைக்கிளின் பின்சக்கரம், காலியான கேரியர், பை, முதுகு.

"மூஞ்சி எங்க?"

ஓவியக்காரி தூரிகையை டப்பாவின் மேல் வைத்தாள்.

"என்ன அண்ணி இது? முதுகைப் பாத்து எவன் அடையாளம் சொல்லுவான்?"

"நான் சொல்லுவேன்" என்றாள் மூணாம் மேசை. வாயைத் திறந்தாகிவிட்டது, இனி மூடுவதற்கில்லை. "எனக்கு மூஞ்சி மறந்து போச்சு. நீ சொன்ன நாலும் நாலு விதமா இருந்துச்சு. உனக்கும் பாதி மறந்திருக்கு, ஒத்துக்க மாட்டே. தெரியாத ஆளைப் போட்டுட்டு அவருன்னு சொல்ல வேணாம். இது அவரு. இதுல ஒரு தப்பு காட்டு பாப்போம்."

நாத்தனார் வாயடைத்துப் போனதை மகள் அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தாள். அத்தைக்காரி சாரத்தின் கீழே போய் நின்று, தப்புக் கண்டுபிடித்தே தீருவது என்று அண்ணாந்து பார்த்தாள். பார்வை சுழியில் நின்றது.

"ரெட்டைச் சுழிக்கு ரெண்டு பொண்டாட்டின்னு எல்லாரும் ஓட்டுவாங்க" என்றாள் மெல்ல. "ஒருத்தியையே சைக்கிள்ல வெச்சு மிதிக்க முடியல, இதுல ரெண்டான்னு கேப்பான்." பார்வை காதுக்கு நகர்ந்தது. "காது வெட்டு கூட வெச்சிருக்கீங்களே."

"நாய் கடிச்சதுதானே" என்றாள் மூணாம் மேசை.

"யாரு சொன்னா?"

"அவருதான்."

"நாய்னா சொன்னான்?" நாத்தனார் இடுப்பில் கை வைத்தாள். "டிபன் பாக்ஸ் மூடி. நான் எறிஞ்சேன். எனக்கு ஏழு வயசு, என் பென்சிலை ஒடிச்சான். என்னை நாய்னு சொல்லிட்டு இருந்திருக்கான் ஏழு வருஷமா. வரட்டும், அவன் வரட்டும் சொல்றேன்."

சிரிப்பும் அழுகையும் முட்டிக்கொண்டு வர, முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு ஓவியக்காரியிடம், "காது வெட்டு இன்னும் கொஞ்சம் ஆழம்க்கா. ஏழு தையல்" என்றாள் பெருமையாக.

திங்கட்கிழமை காலையில் சாரம் இல்லை. பஸ் நிறுத்தத்தில், சுவரை ஒட்டி எப்போதும் கிடக்கும் பெஞ்சு சரியாகக் கேரியருக்கு நேர் கீழே இருந்தது. ஓவியக்காரி புதன்கிழமையே டேப் பிடித்து அந்தப் பெஞ்சை அளந்தது மூணாம் மேசைக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஓர் ஓரத்தில் யாரோ ஒரு பெரியவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் மறு ஓரத்தில், ஒரு பக்கமாகக் காலைப் போட்டு உட்கார்ந்தாள். கண் எதிரே முதுகு.

அவன் திரும்பிப் பார்க்கவே மாட்டான். காதை மட்டும் கொஞ்சம் சாய்த்து, "உக்காந்தாச்சா?" என்பான். அவள் சொல்லும்வரை பெடலில் கால் வைக்க மாட்டான்.

"உக்காந்தாச்சு" என்றாள்.

பெரியவர் பேப்பரைத் தாழ்த்தி, "நல்லா உக்காரும்மா, எடம் இருக்கு" என்று நகர்ந்தார்.

பஸ் வந்தது. ஏறி ஜன்னல் ஓரம் இடம் பிடித்தாள். பஸ் புறப்பட்டுச் சைக்கிளைத் தாண்டியபோது, இப்போது திரும்பினால் அவன் முகம் தெரியும் என்று சின்னப்பிள்ளை மாதிரி தோன்றிவிட்டது. திரும்பினாள். சுவர்தான், சாய்வாக, வண்ணம் வண்ணமாக ஓடிற்று.

ஆனால் காது வெட்டைப் பற்றி அவள் முதன்முதலில் கேட்ட நாள் நினைவில் வந்தது. நாய் என்று சொல்லிவிட்டு அவனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டான். மேல்வரிசையில் ஒரு பல் பக்கத்துப் பல்லின் மேல் லேசாக ஏறியிருந்தது. அதுதான் உதட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தது.

ஒரு பல். அவ்வளவுதான். மூணாம் மேசை அதை விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டு, இறங்க வேண்டிய நிறுத்தத்தில் சரியாக இறங்கினாள். வலது பக்கத்துப் பல்லா, இடது பக்கமா என்று சாயந்திரம் நாத்தனாரிடம் கேட்க வேண்டும். கேட்டால் கட்டாயம் சண்டை வரும். வரட்டும்.