சுவான்சௌ கல்

சாய்ராம் ஒரு வாரமாக லின்னிடம் தமிழின் பெருமையை அளந்துகொண்டிருந்தான். தமிழ்ச் சங்கத்தின் துணைத்தலைவன் வேறு, கேட்க வேண்டுமா? லின் கலிஃபோர்னியாவில் சான் ரமோன் ஆபீசில் அவனுக்குப் பக்கத்து சீட். சொந்த ஊர் சீனாவில் சுவான்சௌ. ஒரு காலத்தில் அரபிக் கப்பலும் தமிழ்க் கப்பலும் இடித்துக்கொண்டு நின்ற துறைமுகம். பிறகு மணல் மேடிட்டு, உலகம் மறந்து, இப்போது ஷூ தைக்கிற ஊர்.

அன்று லஞ்சில் அவள் ஒரு தாளை நீட்டினாள். எழுநூறு வருஷத்துக்கு முன் அவள் ஊர்ச் சிவன் கோயிலுக்காகத் தமிழ் வியாபாரிகள் வெட்டிய கல்வெட்டின் படம். கீழே அதையே இன்றைய தமிழ் எழுத்தில் அச்சடித்திருந்தது.

"படிச்சுக் காட்டு, சாய்" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

சாய்ராம் பள்ளிக்கூடத்தில் மார்க்குக்காக பிரெஞ்ச் எடுத்தவன். தமிழில் பேசுவான், சண்டை போடுவான், மைக் கிடைத்தால் விடமாட்டான். எழுதப் படிக்க மட்டும் தெரியாது. இத்தனை நாள் யாரும் கேட்டதில்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டு வரிகளின் மேல் விரலை ஓட்டினான். "கடவுள் எல்லாரையும் காப்பாத்தட்டும்னு போட்டிருக்கு" என்றான்.

"அர்த்தம் எனக்குத் தெரியும். அப்போ ஆண்ட ராஜா நல்லா இருக்கணும்னு எழுதியிருக்காங்க" என்றாள் லின், சாதாரணமாக. "சத்தம்தான் வேணும். எங்க ஊர்ல அதை வாய்விட்டுப் படிக்க ஆளே இல்லை. அப்பாவுக்கு அனுப்பணும்."

போனில் ரெக்கார்ட் பட்டனை அழுத்தி அவன் வாயருகே பிடித்தாள்.

இருபது விநாடி ஏசியின் இரைச்சல் மட்டும் பதிவானது.