நாலாவது பாட்டில் என் இருமல்

நளினி எனக்குத் தர வேண்டியது இரண்டாயிரத்து முந்நூற்று எண்பது வெள்ளி. ஆயிரத்து எண்ணூறு ஸ்டூடியோ வாடகைக்கு, மிச்சம் சவுண்டு பார்க்கிற பையனுக்கு என்று சொல்லி வாங்கினாள். அவள் என் தங்கை மகள். இருபத்து நாலு வயது. சுங்கை பட்டாணியில் ஃபேக்டரி வேலை, மற்ற நேரமெல்லாம் பாட்டு. ஒன்பது பாட்டு சேர்த்து முதல் ஆல்பம் போடப் போவதாகச் சொன்னபோது, சீட்டு எடுத்து வைத்திருந்த பணத்தை அப்படியே எடுத்துக் கொடுத்தேன். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டில் குனிந்து உதிரிப் பழம் பொறுக்கிச் சேர்த்த பணம் அது.

பணத்தோடு பாட்டும் கொடுத்தேன்.

போன வருஷம் சுங்கை லாலாங்கில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தங்கினாள். ஜன்னலுக்குப் போர்வை கட்டினாள், காற்றாடியை நிறுத்தினாள், என் முன்னால் மைக் வைத்தாள். “பெரியம்மா, மருந்தடிக்கப் போறப்ப பொம்பளைங்கள்லாம் சேந்து பாடுவீங்களாமே, அதப் பாடுங்க” என்றாள். நான் தலைக்குக் குளித்து, பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அவள் சிரித்தாள். “பாட்டுல சேல தெரியாது பெரியம்மா.” தெரியாவிட்டால் என்ன, எனக்குத் தெரியும்.

நாலு பாட்டு பாடினேன். முதுகில் மருந்து டேங்க் தூக்கிக்கொண்டு வரிசையாய்ப் போகும்போது, பக்கத்து வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று உரக்கப் பாடியவை. இருபத்தேழு வருஷம் களைக்கு மருந்தடித்தவள் நான். அதில் எனக்கு மிஞ்சியது இந்த இருமல். சாதாரண இருமல் இல்லை. அடியிலிருந்து கிளம்பி நெஞ்சில் மாட்டிக்கொண்டு, இழுத்து இழுத்து, கடைசியில் கோழை வந்தால்தான் விடும். பாடும்போதும் நடுநடுவே வந்தது. வந்தபோதெல்லாம், “அத அழிச்சிடும்மா” என்றேன். “அழிச்சிடுறேன் பெரியம்மா” என்றாள் ஒவ்வொரு தடவையும்.

ஆல்பம் ஒரு வெள்ளிக்கிழமை இன்டர்நெட்டில் வந்தது. ‘செம்மண் ரேடியோ’ என்று பேர். மறுநாள் வேலை முடிந்து டிராக்டர் ஓட்டும் முனியாண்டியோடு பீடோங்கில் அப்துல் சமது சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். அங்கே போனால்தான் ஸ்பீக்கரில் கேட்க முடியும். கல்லாவில் சமதின் மகள் பஷீரா இருந்தாள். காலேஜ் லீவு. நளினியின் பாட்டை அவள் முந்தின நாளே கேட்டுவிட்டாளாம்.

“பஷீரா, எங்க புள்ள பாட்டப் போடும்மா. நானும் அதுல பாடியிருக்கேன்” என்றேன், கடையில் உட்கார்ந்திருந்த பத்துப் பேருக்கும் கேட்கும்படி. அதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பாட்டைப் போட்டாள்.

முதல் பாட்டில் உறுமி வந்தது. அதன் மேலேயே கிதார் வந்தது. பிறகு மலாய்க்காரர் கல்யாணத்தில் தட்டும் கொம்பாங். நடுவில் கம்ப்யூட்டர் விசில் அடிப்பது போல் ஒரு சத்தம், அதற்குள் நளினி தூங்கி எழுந்த குரலில் தமிழும் இங்கிலீஷுமாகப் பாடினாள்.

“என்னாம்மா இது, சாமி ஊர்வலமா டிஸ்கோவா?” சமது சோற்றுத் தட்டோடு நின்று கேட்டார். “நான் நாசி கண்டார் சோத்துக்கு எல்லாக் கொழம்பையும் கலந்து ஊத்துறேன். அது வாய்க்கு ருசி. இது காதுக்கு ஏன்லா?”

“வாப்பா, இப்பல்லாம் இப்படித்தான். ஒரே மாதிரி போட்டா யாரும் கேக்க மாட்டாங்க” என்றாள் பஷீரா.

“கலக்கலாம்மா, வேணாங்கல. வெந்துட்டு கலக்கணும்.”

கடை சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது. என் பாட்டு வரட்டும் என்று காத்திருந்தேன்.

நாலாவது பாட்டு ‘பெரட்டு’. விடியற்காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடும் இடத்துக்குத் தோட்டத்தில் அதுதான் பேர். இதுதான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஒரு இருமல் வந்தது.

யாரோ கடையில் இருமுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். மறுபடி வந்தது. அதே இழுப்பு, அதே மாட்டல். பிறகு அளவெடுத்து வெட்டியது போல் ஒரே சீராக, இரும, இரும, நிறுத்து, இரும. உறுமி அதோடு சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு நாலாவது அடிக்கும் நான் கோழையைத் திரட்டுகிற சத்தம், ஈரமாக, பெரிதாக, ஸ்பீக்கரில். எதிர்மேசையில் ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்த ஆள் கையிலிருந்ததைத் தட்டில் போட்டுவிட்டுத் தண்ணீரை எடுத்தான். என் உடம்பிலிருந்து வந்ததுதான், தினமும் நான் கேட்பதுதான். ஆனாலும் அதை வெளியே, பத்துப் பேர் சாப்பிடும் இடத்தில் கேட்டபோது, குளிக்கும்போது யாரோ கதவைத் திறந்துவிட்டது போல் இருந்தது.

பாட்டு முடிந்தது. அடுத்தது வந்தது. ஒன்பதும் வந்து முடிந்தன. நான் பாடியதில் ஒரு வரி இல்லை.

“நவமணி அக்கா, பாடுனேன்னீங்க?” என்றான் முனியாண்டி. பிறகு அவனுக்கே புரிந்துவிட்டது. “அட, அது நீங்களா! நான் டிராக்டர் ஸ்டார்ட் ஆவலன்னு நெனச்சேன்.”

மறுபடி சிரிப்பு. சமது மட்டும் சிரிக்கவில்லை. “ஆஃப் பண்ணு பஷீரா” என்றார்.

எழுந்து டீக்குப் பணம் கொடுத்தவள், போகாமல் கல்லாவில் நின்றேன். “பாட்டுக்குக் கீழ கேட்டவங்க என்னா எழுதியிருக்காங்க? படி.”

தமிழ் எழுத்து எனக்கு நாற்பத்தொன்பது வயதில் கோயில் மண்டபத்து வகுப்பில்தான் வந்தது. ஆனால் இந்தப் பிள்ளைகள் தமிழையும் இங்கிலீஷ் எழுத்தில் எழுதுகிறார்கள். அது எனக்கு ஓடாது.

“வேணாம் ஆன்ட்டி.”

“படிம்மா.”

படித்தாள். ‘இந்த இருமல் பீட் செம்ம லா, நெஞ்சக் கீறுது.’ ‘மொத தடவ வாந்தி வந்திச்சி, மூணாவது தடவ நிறுத்த முடியல.’ ‘சாப்புடுறப்ப கேக்காதீங்க, நான் கேட்டுட்டேன்.’ ‘உறுமியோட சளி. நம்ம ஊருல இது வரைக்கும் யாரும் செஞ்சதில்ல.’ ஒருத்தர் திட்டியிருந்தார், சாமி மேளத்தை இப்படி அசிங்கம் பண்ணலாமா என்று. அவரைப் பத்துப் பேர் திருப்பித் திட்டியிருந்தார்கள், கிழவனுக்குக் கலை தெரியாது என்று. ஒருத்தி, தன் போனில் காலையில் எழுப்புகிற மணியாக அதை வைத்திருக்கிறாளாம்.

“மத்த பாட்டப் பத்தி?”

“அதப் பத்தி ரொம்ப இல்ல ஆன்ட்டி. எல்லாம் இதத்தான் பேசுறாங்க.”

ஒன்று மட்டும் தமிழ் எழுத்தில் இருந்தது. பஷீரா அதைத் தள்ளிவிடப் பார்த்தாள். நான் விரலால் நிறுத்தி, எழுத்துக் கூட்டி நானே படித்தேன். ‘இது யாருடைய இருமல்? அந்த அம்மா இன்னும் இருக்கிறார்களா?’ அதற்குக் கீழே நளினி ஒரு வெள்ளை இதயப் படம் போட்டிருந்தாள். இருக்கிறார்கள் என்று எழுதவில்லை.

அதற்கடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நளினி வீட்டுக்கு வந்தாள். கேக் வாங்கி வந்திருந்தாள். நான் தொடவில்லை.

“அந்த இருமல எடுத்துடு” என்றேன்.

“பெரியம்மா, அது ஹிட்டு பெரியம்மா. கோலாலம்பூர்லேர்ந்து எல்லாம் மெசேஜ் வருது.”

“பாட்டுப் பாடுனேனே நாலு. அது எங்க?”

அவள் கேக் பெட்டியின் கயிற்றைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். “அது... சுதி சேரல பெரியம்மா. பழைய மாதிரி இருந்திச்சி. இருமல்தான் உண்ம. அந்தச் சத்தத்துல தோட்டத்துக் கதையே இருக்கு. இது வரைக்கும் யாரு ஒங்க கொரலக் கேட்டா? இப்ப நாப்பதாயிரம் பேரு கேக்குறாங்க.”

“நாப்பதாயிரம் பேருக்கு முன்னால நான் காறித் துப்பணும்னு ஒன்கிட்ட கேட்டனா? அழிக்கிறேன்னு நீதான சொன்ன?”

“பேரே போடலியே. யாருக்குத் தெரியும் நீங்கன்னு?”

“எனக்குத் தெரியும்டி. முனியாண்டிக்குத் தெரியும். வேலைக்கு லாரியில ஏறுனா என்னப் பாத்து இருமுறானுங்க. பாசார்ல மீன்காரன், ‘அக்கா ஒரு பீட்டு போடுங்க’ங்கிறான். இருமல் வந்தா முழுங்குறேன், தெரியுமா? வேலக்காட்டுல, நாலு பேருக்கு முன்னால, முழுங்குறேன்.”

அவள் கண் கலங்கியது. எனக்கு அதைப் பார்த்தாலும் எரிச்சல்தான் வந்தது.

“என் பணத்துல போட்ட ஆல்பம். நான் சொல்றேன், எடு.”

கயிறு அவள் கையில் நின்றது. “பணம் கடன்தான பெரியம்மா. பங்கு இல்லல்ல? குடுத்துட்டா முடிஞ்சிச்சி.”

அப்படிச் சொன்ன பிறகு பணத்தை நான் கேட்கவே இல்லை. மூன்று மாதம். அவளே போன் பண்ணி, “இந்த மாசம் ஐந்நூறு தரட்டா?” என்றபோதும், “வேணாம், இருக்கட்டும்” என்றேன். நல்ல மனசு என்று நினைத்திருப்பாள். நல்ல மனசெல்லாம் இல்லை. அது நிலுவையில் இருக்கும் வரைக்கும்தான் என் சொல்லுக்கு ஒரு பிடி. தீர்ந்துவிட்டால் நான் வெறும் இருமல்.

அப்புறம் ஒரு நாள் கூப்பிட்டாள். சனிக்கிழமை அலோர் ஸ்டாரில் முதல் மேடை, மத்தியானம் மூன்று மணிக்கு, ஒரு கடை மாடியில். “நாலரைக்கு வாங்க பெரியம்மா. முடிஞ்சிரும். மொத்தமா குடுத்துர்றேன்.”

நான் மூன்று மணிக்கே போய்விட்டேன். கதவில் நின்ற பையனிடம் பாடுகிற பெண்ணின் பெரியம்மா என்றேன். விட்டான். உள்ளே இருநூறு பேர் இருப்பார்கள். ஏர்கோன் குளிர், சென்ட்டு வாசம், புகை மெஷின். என்னைத் தவிர முப்பது வயதுக்கு மேல் யாரும் இல்லை. பின்சுவரோடு ஒட்டி நின்றேன்.

நாலாவதாக அந்தப் பாட்டைத் தொடங்கினாள். என் இருமல் சுவரெல்லாம் அதிர்ந்தது. நளினி மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினாள். இருநூறு பேரும் இருமினார்கள். இரும, இரும, நிறுத்து, இரும. நாலாவது அடிக்கு எல்லோரும் தொண்டையைக் காறினார்கள், சிரித்துக்கொண்டே, கையைத் தூக்கிக்கொண்டே. முன்னால் ஒரு பையன் துப்புவது போல் பாவனை செய்தான். தொண்டை சுத்தமான பிள்ளைகள். ஒருத்தனுக்கும் கோழை இல்லை. எனக்குப் பட்ட அருவருப்பை எப்படிச் சொல்வது? அழுகிய பழத்தை வெறுங்கையால் அள்ளியிருக்கிறேன். மருந்து வாய்க்குள் போயிருக்கிறது. அதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

அந்தப் புகைக்கு எனக்கும் வந்துவிட்டது. முழுங்கிப் பார்த்தேன். முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து, இழுத்து இழுத்து இருமினேன். தாளத்தில் வரவில்லை. அது எப்போது வந்தது தாளத்தில்.

பக்கத்தில் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். பச்சை முடி. அதுவரை எல்லோரையும்விட உரக்க இருமியவள் அவள். சட்டையை மூக்குக்கு மேலே இழுத்துக்கொண்டாள். “ஈய், யாருடா இது” என்று தோழனை இழுத்துக்கொண்டு தள்ளிப் போனாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர். கொஞ்ச நேரத்தில் என்னைச் சுற்றி ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது. அந்த வட்டத்துக்கு அப்பால் நின்று, மேடையைப் பார்த்து, என் இருமலை இருமினார்கள்.

நளினி மேடையிலிருந்து பார்த்துவிட்டாள். பாட்டை நிறுத்தவில்லை.

நாலரைக்கு மாடிப்படியில் வந்தாள். முகத்தில் மினுமினுப்புப் பூசியிருந்தாள், வியர்வையில் அது வழிந்தது. உள்ளே அவள் பாட்டையே மறுபடி போட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு கையில் கவர், இன்னொரு கையில் முகக்கவசம்.

“இதப் போட்டுக்குங்க பெரியம்மா. கீழ எறங்குறப்ப ஆளுங்க இருப்பாங்க. பயப்படுறாங்க.”

“எதுக்குப் பயப்படுறாங்க? அதுக்குத்தான காசு குடுத்து வந்திருக்காங்க?”

அவள் முகக்கவசத்தை இன்னும் நீட்டியபடி நின்றாள்.

“இந்தா பாரு நளினி. பணம் வேணாம். ரெண்டாயிரத்து முந்நூத்தி எம்பதும் வேணாம். ஒங்கம்மாகிட்டகூட சொல்ல மாட்டேன். அந்த இருமல மட்டும் எடுத்துட்டு, வேற எதையாவது வெச்சுக்க.”

அவள் கவரைப் பார்த்தாள். உள்ளே இருந்து இருமல் வந்துகொண்டே இருந்தது. அவள் யோசித்தாள், அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். கீழேயிருந்து யாரோ ஏறி வந்து, “நளினி, சிஸ்டர், அந்தப் பாட்டு திரும்பப் பாடுவீங்களா?” என்று கேட்டான். “ம், பாடுறேன்” என்றாள் அவனிடம். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து, கவரை அதில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

“எண்ணிப் பாத்துக்குங்க பெரியம்மா.”

படியில் உட்கார்ந்தேன். முகக்கவசத்தை வாங்கவில்லை. கவரைத் திறந்தேன். எல்லாம் டிக்கெட் காசு, பத்தும் இருபதுமாக. நான் எண்ணி முடிக்கும் வரை அவள் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள்.

“சரியா இருக்கா?”

“சரியா இருக்கு” என்றேன்.