டாரில் விட்டுவந்த மீன்

லிகியின் படகை வாடகைக்கு எடுத்து மீன் பிடிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். பெரிய மீனாகப் பிடிப்பார்கள், மடியில் கிடத்திப் படம் எடுத்துக்கொள்வார்கள், பாதிப் பேர் அதைத் திரும்பக் கடலிலேயே விட்டுவிடுவார்கள். மீன் வேண்டும் என்று வந்து நின்றவன் டாரில்தான்.

அவனும் லிகியைப் போல நியூவேத் தீவுக்காரன்தான். ஆனால் பிறந்தது வளர்ந்தது எல்லாம் கடல் தாண்டி ஆக்லாந்து நகரத்தில். அப்பா இளவயதில் விமானம் ஏறிப் போனவர், திரும்பவில்லை. இப்போது டாரில் தன் மகனுக்கு முடி வெட்டும் சடங்கை லிகு கிராமத்தில், சொந்தங்கள் நடுவே நடத்த வந்திருந்தான். சனிக்கிழமை சடங்கு. விருந்தில் பன்றி, கோழி, சேப்பங்கிழங்கு, மீன் எல்லாவற்றையும் வெளியே குவித்து வைத்துப் பங்கு பிரிப்பார்கள். எது யார் கொண்டுவந்தது என்று ஊரே நின்று பார்க்கும்.

"கோழியெல்லாம் பெட்டி பெட்டியா கப்பல்ல அனுப்பிட்டேன் கேப்டன்," என்றான் ஆங்கிலத்தில். "ஆனா அத்தைங்க எல்லாம் 'ஐஸ் பெட்டிக்காரன் வந்துட்டான்'னு சிரிக்கிறாங்க. நானே புடிச்ச மீன் ஒண்ணு அங்க இருக்கணும்."

வெள்ளிக்கிழமை காலை, அலோஃபி துறையில் கிரேன் படகைத் தூக்கி மெதுவாகத் தண்ணீரில் இறக்கியது. தீவைச் சுற்றிலும் செங்குத்துப் பாறை. படகு இறங்குவதும் ஏறுவதும் அந்தக் கிரேனால்தான். கடல் கண்ணாடி போலக் கிடந்தது. லிகி எஞ்சினைக் கிளப்பினாள். அவளுடைய சித்தி மகன் மாகா பின்னால் நின்று தூண்டில் கோல்களைச் செருகினான். போலி இரைகள் அலையில் துள்ளித் துள்ளி வந்தன.

மாகாவுக்கு வாய் சும்மா இருக்காது. ஆட்கள் ஏறிவிட்டால் அவர்களைப் பற்றி, அவர்களுக்குப் புரியாத நியூவே பாஷையில் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பான். லிகியும் சிரிப்பாள். இத்தனை வருஷமாக அப்படித்தான்.

"இவன் கையப் பாத்தியாக்கா? ரொட்டி மாதிரி இருக்கு. மீன்தான் இவனப் புடிச்சுட்டுப் போவப்போவுது."

"சும்மா இருடா. மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிச்சுடுவான்."

"என்னத்தக் கண்டுபுடிப்பான்? அவங்கப்பன் போறப்ப பாஷையையும் பெட்டியில வச்சுப் பூட்டி எடுத்துட்டுப் போயிட்டான். இவன் அந்தப் பெட்டியத் தொறந்துகூடப் பாத்திருக்க மாட்டான்."

டாரில் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

ஒருமுறை கோல் வளைந்து நிமிர்ந்தது, மீன் தப்பிவிட்டது. பசி வந்ததும் லிகி பொட்டலத்தைப் பிரித்தாள். தேங்காய்ப்பாலில் சேம்பும் பப்பாளியும் அடுக்கி வேகவைத்த தாகிஹி. டாரில் கையால் எடுத்துத் தின்றான். விரலை நக்கினான்.

"இத மட்டும் மறக்கல பாரு," என்றான் மாகா.

வெயில் உச்சிக்கு ஏறியபோது அது நடந்தது. வலது பக்கக் கோல் ஒடிந்துவிடுவதுபோல வளைய, ரீல் கீச்சென்று அலறியது. வெகு தூரத்தில் நீல முதுகொன்று ஈட்டி மூக்கோடு வெளியே எகிறித் தண்ணீரில் விழுந்தது. மார்லின். மாகாவின் பேச்சு நின்றுபோனது.

"உக்காரு, உக்காரு! கால ஊனிக்கோ. இழுக்காத, அது போவட்டும். நின்னப்புறம் சுத்து," என்று ஆங்கிலத்தில் கத்தினாள் லிகி.

டாரில் சொன்னதைச் செய்தான். மீன் போனது, நின்றது, மறுபடி போனது. அவன் சுற்றிக் கொண்டுவந்த தூண்டில் நரம்பையெல்லாம் அது ஒரே ஓட்டத்தில் திரும்ப வாங்கிக்கொண்டது. லிகி மீனின் போக்குக்கே படகைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அவன் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. மாகாதான் தலையில் ஊற்றினான்.

காற்று மேற்குக்குத் திரும்பியதை முதலில் அவள் கழுத்துதான் உணர்ந்தது. கொஞ்ச நேரத்தில் கடலின் நிறம் மாறியது. படகின் அடியில் கனத்த அலை ஒன்று நுழைந்து போயிற்று, பின்னாலேயே இன்னொன்று. வயர்லெஸ்ஸில் துறையிலிருந்து குரல் வந்தது.

"லிகி, இங்க அலை ஏறுது. உடனே வா. இன்னும் கொஞ்சம் போனா உன்னத் தூக்க முடியாது."

தூக்க முடியாவிட்டால் ராத்திரி முழுக்கத் தீவின் கிழக்குப் பக்கம் போய் அலையில் ஆடிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். பெட்ரோலும் அவ்வளவு இல்லை.

லிகி டாரிலைப் பார்த்தாள். கோலை விடாமல் பிடித்திருந்தான், முகம் மட்டும் வேறெங்கோ இருந்தது. இந்த நிமிஷத்துக்காகவே கடல் தாண்டி வந்தவன்போல இருந்தான். அவனிடம் போய் விட்டுவிடு என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கோபக்காரர்களிடம் அவள் சுலபமாகச் சொல்லியிருக்கிறாள். இவனிடம் முடியவில்லை.

மாகா அருகே வந்தான்.

"அக்கா, நான் பின்னால குனிஞ்சு நரம்பப் புடிச்சுப் பாக்குற மாதிரி கத்தியால ஒரு இழுப்பு இழுத்துடுறேன். அறுந்துபோச்சுன்னு சொல்லிடலாம். அவனுக்கும் மனசு ஆறிடும், நமக்கும் சண்டையில்ல."

அவள் அலையைப் பார்த்தாள். துறை இருந்த திசையைப் பார்த்தாள்.

"சரி. செய்."

மாகா இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தான்.

"பொய் சொல்றது... வேண்டாம்."

குரல் டாரிலுடையது. தலையைத் திருப்பவில்லை. பேசியது நியூவே பாஷை. சொற்கள் ஒவ்வொன்றாக, தடுக்கித் தடுக்கி வந்தன.

"எனக்கு எல்லாம் கேக்குது. காலையில இருந்து கேக்குது."

மாகா கத்தியோடு அப்படியே நின்றான். லிகிக்குக் காது வரை சூடு ஏறியது.

"வீட்டுல அம்மா இதுலதான் பேசுவா," என்றான். "நான் இங்கிலீஷ்ல பதில் சொல்லுவேன். நான் வாயத் தொறந்தா எல்லாரும் சிரிப்பாங்க. அதனால... தொறக்கல." மூச்சு வாங்கினான். "துறை மூடுதா?"

"மூடுது தம்பி," என்றாள் லிகி. "உடனே போவணும்."

"அப்ப அத எங்கிட்ட சொல்லு."

அவள் எழுந்து அவன் முன்னால் வந்து நின்றாள். "மீன விட்டுடு. இதுக்கு மேல நின்னா கரை ஏற முடியாது."

அவன் இன்னும் கொஞ்சம் சுற்றிப் பார்த்தான். மீன் மறுபடி ஒருமுறை எழும்பும் என்று எதிர்பார்த்தானோ என்னவோ. அது ஆழத்திலேயே நின்றது. அவன் கையை நீட்டினான். மாகா கத்தியைக் கைப்பிடிப் பக்கமாகக் கொடுத்தான். டாரில் நரம்பை அறுத்தான். வளைந்த கோல் சட்டென்று நிமிர்ந்து வானத்தைப் பார்த்தது.

லிகி முழு வேகத்தில் படகைத் துறைக்குத் திருப்பினாள். துறையில் அலை கற்சுவரில் மோதி மேலே தெறித்துக்கொண்டிருந்தது. முதல் முறை கிரேன் கொக்கி மாகாவின் கைக்கு எட்டாமல் ஆடிப் போனது. அடுத்த முறை டாரில் எம்பி அதைப் பிடித்து மாகாவிடம் தள்ளினான். கிரேன் இழுத்தது. படகு ஒரு பக்கமாகச் சுழன்று, கீழே அலை வாய் பிளக்க, மேலே ஏறியது.

சிமெண்டுத் தரையில் கால் வைத்ததும் லிகி அவன் எதிரே போனாள்.

"நான் சரின்னு சொன்னது தப்பு. காலையில சிரிச்சதும் தப்பு."

டாரில் இரு உள்ளங்கைகளையும் விரித்து மாகாவிடம் காட்டினான். கொப்புளங்கள் உடைந்து தோல் உரிந்திருந்தது.

"ரொட்டி," என்றான், "கிழிஞ்சுபோச்சு."

மாகாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஓடிப்போய் மருந்துப் பெட்டியை எடுத்து வந்தான்.

"வீட்டு ஐஸ் பெட்டியில முழு சூரை மீன் ஒண்ணு இருக்கு," என்றாள் லிகி. "நீ புடிச்சதா வச்சுக்கோ. நாங்க வாயத் தொறக்க மாட்டோம்."

"அப்ப எதுக்கு நான் கத்திய வாங்கினேன்?"

அவள் மருந்துப் பெட்டியைத் திறந்து கட்டுத்துணியை எடுத்தாள்.

சனிக்கிழமை லிகி அந்தச் சூரையைத் தன் பங்காகவே கொண்டுபோய்க் குவியலில் வைத்தாள். பையனின் முடியைச் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கத்தரித்து முடித்த பின் டாரில் எழுந்து நின்றான். எல்லாரும் ஆங்கிலத்தைத்தான் எதிர்பார்த்தார்கள். அவன் நேற்றைய மீனைப் பற்றி ஊர்ப் பாஷையில் சொல்ல ஆரம்பித்தான். முதல் வாக்கியத்திலேயே 'மீன் என்னை இழுத்தது' என்பதற்குப் பதிலாக 'மீன் என்னைக் கட்டிக்கொண்டது' என்று வந்துவிட்டது. அத்தைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

லிகி கழுத்தை நீட்டி அவன் முகத்தைப் பார்த்தாள். இங்கேதான் இவன் எப்போதும் வாயை மூடியிருப்பான் என்று நினைத்தாள். அவன் மூடவில்லை. சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தான், சரியான சொல்லை ஒரு அத்தை எடுத்துக் கொடுக்க வாங்கிக்கொண்டான், மேலே சொன்னான். கையில் கட்டு, முகத்தில் வியர்வை. நரம்பை அறுத்த இடம் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. ஒரு கிழவர், "எந்தப் பக்கம் போச்சு அது?" என்று கேட்டார். "தெற்க," என்றான். அதற்குள் நாலு பேர் நாலு விதமாகப் பேச ஆரம்பிக்க, "மெதுவா, மெதுவா" என்று கையை உயர்த்தினான்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. சர்ச் முடிந்து வீட்டுக்கு வந்ததும் லிகியின் தொலைபேசி அடித்தது.

"அக்கா. நான் டாரில். செவ்வாக்கிழமதான் ஃப்ளைட். நாளைக்கு... படகு... போகுமா?"

ஆங்கிலம் நாக்கு நுனி வரை வந்தது. அவள் அதை விழுங்கிவிட்டுத் தன் பாஷையிலேயே, அவன் பிடித்துக்கொள்ளும் வேகத்தில் சொன்னாள்:

"காத்து இன்னும் மேக்கதான் இருக்கு தம்பி. விடிஞ்சதும் பாத்துட்டு சொல்றேன். நீ தயாரா இரு."