முகம் போன பிறகு

எண்ணூரில் இறால் உரிக்கும் கம்பெனியில் பவுனம்மாளுக்கு ஆறு வருஷ வேலை. ஒரு ஷிப்டுக்கு ஒரு தரம்தான் பாத்ரூம் போக விடுவார்கள். அதற்குப் பயந்து பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. மூன்று வாரமாக அவளுக்குச் சிறுநீர் போனால் எரிச்சல், மாலையானால் குளிர்ஜுரம். யாரிடமும் சொல்லவில்லை.

பெண் தொழிலாளர் உடல்நலம் பற்றி ஒரு தொண்டு நிறுவனம் கம்பெனிப் பெண்களுக்குக் கேள்விகள் அனுப்பியிருந்தது. பெயர் வேண்டாம் என்றும் போட்டிருந்தது. வாட்ஸ்அப்பில் வந்த லிங்க்கைத் தொட்டதும் புடவை கட்டிய ஒரு பொம்மைப் பெண் திரையில் தோன்றி, கண்ணைச் சிமிட்டி, “நல்லா இருக்கீங்களா அக்கா?” என்றாள். வயது, வேலை நேரம் எல்லாம் சரியாகச் சொன்ன பவுனம்மாள், சிறுநீர் பற்றிக் கேட்டதும் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். திரையிலிருந்தவள் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். பவுனம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டாள்.

அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை. மறுநாள் ஷேர் ஆட்டோவில், கூட வேலை பார்க்கும் தங்கபுஷ்பத்திடம் தான் பொய் சொன்னதைச் சொன்னாள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரியான தங்கபுஷ்பம் தானும் அப்படியே சொன்னதாக ஒப்புக்கொண்டாள்.

“பொம்மனு தெரியுது. இருந்தாலும் வெக்கமா கீது,” என்றாள் பவுனம்மாள்.

சாப்பாட்டு நேரத்தில் இருவரும் லிங்க்கை மறுபடி திறந்தார்கள். பதிலைத் திருத்தலாம் என்றிருந்தது. கீழே சின்ன எழுத்தில் ‘படம் வேண்டாம்’ என்பதைத் தங்கபுஷ்பம்தான் கண்டுபிடித்தாள். தொட்டதும் முகமும் குரலும் போய், வெறும் எழுத்து நின்றது. பவுனம்மாள் எழுத்துக்கூட்டிப் படித்து, எரிச்சல், ஜுரம், பாத்ரூம் விடாதது என்று ஒவ்வொன்றாகக் குறித்து அனுப்பினாள். தங்கபுஷ்பம் மற்ற பெண்களுக்கும் அந்த இடத்தைக் காட்டிக் கொடுத்தாள்.

அனுப்பிய பிறகு பவுனம்மாளுக்குக் கை ஓடவில்லை. கம்பெனிக்குத் தெரிந்துவிட்டால்? ஆனாலும் ஒரு தரம் எழுதிவிட்டதாலோ என்னவோ, மாலையில் அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் மறைக்காமல் சொல்ல முடிந்தது. இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் கிருமி கிட்னியைக் கெடுத்திருக்கும் என்று சொல்லி டாக்டர் மாத்திரை கொடுத்தார்.

பத்து நாள் கழித்து அந்தத் தொண்டு நிறுவனத்தார் கம்பெனிக்கு வந்து முதலாளியிடம் பேசினார்கள். முதலில் பெண்களில் இரண்டு பேர்தான் தொந்தரவு இருப்பதாகப் பதில் சொல்லியிருந்தார்களாம். திருத்திய பிறகு முப்பத்தொரு பேர். அவர்கள் போனதும் சூப்பர்வைசர் மேஜை மேஜையாக நின்று, யார் எழுதியது என்று கேட்டார். ஒருவரும் நிமிரவில்லை. பவுனம்மாள் கையுறையைக் கழற்றினாள்.

“பாத்ரூம் போய்ட்டு வரேன் சார்.”

அன்றைக்கு அது அவளுக்கு இரண்டாவது தரம். அவர் முறைத்தார். தடுக்கவில்லை. அவள் பின்னாலேயே தங்கபுஷ்பமும் கிளம்பினாள்.